சீறாப்புராணமும் தேம்பாவணியும் காட்டும் உலகு

1. தோற்றுவாய்

இவ்வுலகம் எதனின் தோன்றியது, எதன்பொருட்டு நிலவுகின்றது, எங்குச் சென்று முடியும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத சமயம் இல்லை. தமிழ்ப் புலவர் தம் நூல்களை ‘உலகம்’ என்னும் மங்கலச் சொல்லொடு தொடங்குதலைப் பெரிதும் விரும்பினர். திருமுருகாற்றுப்படையும் கம்பராமாயணமும் பெரியபுராணமும் அச்சொல்லையே முதலாகக் கொண்டன. இவ்வழக்குடைய மொழியில் இசுலாமும் கிறித்தவமும் பெருங்காப்பியம் படைக்க முற்பட்டபோது, உலகைப்பற்றிய தத்தம் கொள்கையைத் தமிழ் நெறியில் நின்று உரைக்கவேண்டிய கடமை அவற்றிற்கு நேர்ந்தது. அக்கடமையை உமறுப்புலவரின் சீறாப்புராணமும் வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எங்ஙனம் நிறைவேற்றின என ஒப்புநோக்கி ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விரு நூல்களும் காலத்தால் அணுக்கமானவை. முன்னது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயது. 3 காண்டங்களும் 92 படலங்களும் 5027 பாடல்களும் கொண்டது. பின்னது 1726இல் முற்றுப்பெற்றது. 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. இவை இடத்தாலும் அணுக்கமானவை என்பதனை நம்மவர் பெரிதும் நினைப்பதில்லை. சீதக்காதி வள்ளலின் மறைவுக்குப்பின் உமறுப்புலவரைப் புரந்து காப்பியம் வளரத் துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் என்பது வழிவழி வரும் செய்தி. புலவரும் அவரைத் தம் நூலகத்தே பாராட்டுகின்றார். வீரமாமுனிவரோ, தமிழகத்தில் தாம் எழுப்பிய கோயில்களுள் ஒன்றை விருத்தாசலத்திற்கு மேற்கேயுள்ள கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கென அமைத்தார். பரங்கிப்பேட்டை, வெள்ளாறு கடலொடு கலக்கும் கழிமுகத்துள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்திலேதான் இன்றைய நெய்வேலி நகரியம் அமைந்துள்ளது. மூன்றும் கடலூர் மாவட்டத்தனவே. நிலத்தைத் தோண்டி அதன் அகத்துப் பொருளை எடுத்தலையே தொழிலாகக் கொண்ட அந்நகரியத்தில், கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உடையராய்ப் பல நாட்டு மக்களும் வாழ்கின்றனர். ‘உலகம் எதற்காக?’ என்னும் வினா ஆண்டு ஏட்டளவில் நில்லாது நிலத்தளவில் எழுகின்றது. ஆதலின், இவ்வாராய்ச்சியின் முடிவில் அந்நிலத்தையும் நோக்குவாம்.

2. சொல்லாராய்ச்சி

கொள்கை வேறுபாடு முதற்கண் சொற்களிலேயே புலப்படும். அரபு மொழியில் உலகினைக் குறிக்கும் சொற்களுள் இரண்டு இன்றியமையாதவை. ஒன்று ‘ஆலம்’, மற்றொன்று ‘துன்யா’. ஆலம் என்பது அறிதல் என்னும் பொருளுடைய வேரொடு தொடர்புற்றது. படைத்தவன் எதனால் அறியப்படுகின்றானோ அதுவே ஆலம் என உரையாசிரியர் விளக்குவர். துன்யா என்பது ‘அணித்தாயது’ என்னும் பொருட்டு. மறுமையை நோக்க, கைக்கெட்டும் அணிமையில் உள்ள இவ்வாழ்வினை அது சுட்டும். எனவே, இசுலாமிய நூல்கள் உலகினைப் போற்றும்போதும் இகழும்போதும் எச்சொல்லால் குறிக்கின்றன என்று காணுதல் வேண்டும். இறைவனின் அடையாளமாகிய ஆலம் போற்றப்படும். மறுமையை மறக்கச் செய்யும் துன்யா, வீண் விளையாட்டென்று கடியப்படும்.

கிறித்தவ மறையின் கிரேக்க மூலத்தில் உலகினைக் குறிக்கும் ‘கொஸ்மோஸ்’ என்னும் சொல்லுக்கு ஒழுங்கு, அணி என்பன பழம்பொருள்கள். யோவான் நற்செய்தி, இறைவன் தன் ஒரே மகனை அளிக்கும் அளவிற்கு அன்பு செய்தது இவ்வுலகினை என்று கூறும். யோவானின் முதல் திருமுகமோ உலகின்மேல் அன்பு கொள்ளற்க எனப் பணிக்கும். இவ்விரண்டும் முரணல்ல, முன்னையது படைக்கப்பட்ட உலகு, பின்னையது இறைவனைப் புறக்கணித்த வாழ்க்கைமுறை. அரபு இரு சொற்களால் உணர்த்திய வேறுபாட்டைக் கிரேக்கம் ஒரே சொல்லின் இரு பொருள்களால் உணர்த்திற்று என்க.

இங்கு மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. திருக்குர்ஆனின் வசனமும் ‘ஆயத்து’. இரவும் பகலும் மாறிவருதலும் மழையால் நிலம் உயிர்த்தலும் ‘ஆயத்து’. அச்சொல்லின் பொருள் அடையாளம் என்பது. மறையும் உலகும் ஒருவனையே சுட்டும் இரு நூல்கள் என்னும் கருத்து இதனாற் போதரும். கிறித்தவத்திலோ, அனைத்தையும் படைத்த வாக்கு மனிதனாயிற்று என்று யோவான் நற்செய்தி தொடங்குகின்றது. ஒன்றில் இறைவனின் வாக்கு நூலாக இறங்கிற்று. மற்றொன்றில் ஊனுடம்பு கொண்டது. இவ்வொரு வேறுபாட்டினின்றே ஏனைய வேறுபாடுகள் கிளைக்கின்றன.

3. படைப்பும் முதல் மனிதனும்

இரு சமயமும் உடன்படுவன பல. உலகம் தானே தோன்றியதன்று. ஒரே இறைவனால் படைக்கப்பட்டது. அது பொய்த்தோற்றமன்று, மெய். தொடக்கமும் முடிவும் உடையது, குறிக்கோளின்றிச் சுழல்வதன்று. வானையும் மண்ணையும் விளையாட்டிற்காகப் படைக்கவில்லை எனத் திருக்குர்ஆன் இருமுறை உரைக்கும். படைத்தவை அனைத்தும் நன்று என இறைவன் கண்டான் எனத் தொடக்கநூல் உரைக்கும்.

வேறுபாடு ஆதாமின் வரலாற்றில் தொடங்குகின்றது. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தின்படி, ஆதாமைப் படைக்குமுன்னரே ‘பூமியில் என் கலீபாவை அமைக்கப்போகின்றேன்’ என்னும் கருத்தினை இறைவன் வானவர்க்கு அறிவிக்கின்றான். கலீபா என்பான் உரியவன் சார்பில் பொறுப்பேற்று நிற்பவன். ஆதாம் தவறினான், வருந்தினான், மன்னிக்கப்பட்டான். பூமிக்கு அவன் இறங்கியது, முன்னரே குறிக்கப்பெற்ற பணிக்கு வந்ததாகவும் அமைகின்றது. அவன் பிழை வழித்தோன்றல்களைப் பற்றுவதன்று. வானும் மண்ணும் மலையும் ஏற்க அஞ்சிய ‘அமானத்து’ என்னும் அடைக்கலப் பொறுப்பை மனிதன் ஏற்றான் என்று அம்மறை பிறிதோரிடத்தே கூறும்.

விவிலியத்தில், ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்பட்டான். அவன் பிழை செய்தபின் நிலமும் சபிக்கப்பட்டு முள்ளும் புதரும் முளைக்கின்றது. மனிதன் விழ, மண்ணும் உடன் விழுந்தது. பவுலடிகள் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தில், படைப்பு முழுவதும் பேறுகால வேதனையால் துடிப்பதுபோல் விடுதலையை எதிர்நோக்கிப் புலம்புகின்றது என்பர். அகுசுத்தீன் (354–430) வழிவந்த மேலைத் திருச்சபை இதனைப் பிறவிப் பாவக் கொள்கையாக விரித்தது. கீழைத் திருச்சபைகள் அதனை அத்துணை அழுத்தமாக உரைப்பதில்லை. ஆயினும், உலகம் புண்பட்டது, அதனை ஆற்ற இறைவனே அதனுட் புகுந்தான் என்பது கிறித்தவப் பொதுக்கொள்கை.

4. நாட்டுப் படலங்கள்

இனிக் காப்பியங்களுட் புகுவோம். இரண்டும் நாட்டுப் படலமும் நகரப் படலமும் உடையன. அரபு நாட்டினைப் பாடுமிடத்து உமறுப்புலவர் மழையும் ஆறும் மருதமும் நெய்தலும் அமையத் தமிழ்நிலத்தையே காட்டுகின்றார். யூதேயா நாட்டினைப் பாடுமிடத்து வீரமாமுனிவரும் அங்ஙனமே செய்கின்றார். இதனை இடத்தொடு பொருந்தாக் கற்பனை என்று குறைகூறுவாரும் உளர். காப்பிய மரபிற்குப் பணிந்தனர் என்று அமைதி கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்று உண்டு என்பது எம் கருத்து. திருவருள் வெளிப்பட்ட நிலம் வளமுடையதாயிருத்தல் வேண்டும் என்று இரு புலவரும் கொண்டனர். அவ்வளத்தைத் தமிழர்க்கு உணர்த்த நெல்விளையும் வயலினும் தக்க அடையாளம் இல்லை. உலகை வெறுத்தொதுக்கும் கொள்கையினர் தம் காப்பியத்தை உழவின் சிறப்பொடு தொடங்கார்.

எனினும், நாடு பாடியபின் அவர்கள் செல்லும் வழி வேறாகின்றது. விலாதத்துக் காண்டத்தில் நகரப் படலத்தை அடுத்து வருவது தலைமுறைப் படலம். ஆதாமின் நெற்றியில் பொலிந்த பேரொளி தலைமுறை தலைமுறையாக வந்து நபிகள் நாயகத்தின் தந்தையார் அப்துல்லாவை அடையும் வரலாறு அதன்கண் கூறப்படும். உலக வரலாறு என்பது, ஒரே ஒளி கையிலிருந்து கைக்கு அணையாது ஒப்படைக்கப்பட்டு வந்த வரலாறு என்பது அதன் உட்பொருள். இடையில் அறுபட்டு மீட்கப்பட்டது என்னும் எண்ணத்திற்கு ஆண்டு இடமில்லை.

தேம்பாவணியில் நகரப் படலத்தை அடுத்து வருவது வளன் சனித்த படலம். இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையே காப்பியத் தலைவர். ‘யோசேப்பு’ என்னும் எபிரேயப் பெயர் பெருகுதல் என்னும் பொருட்டாதலின், முனிவர் அதனை ‘வளன்’ எனத் தமிழாக்கினார். வளன் தச்சுத்தொழில் செய்யும் எளியர். துறவுள்ளமும் இல்வாழ்வும் ஒருவரிடத்தே இயைதலை ‘ஈரறம் பொருத்து படலம்’ காட்டும். உலகினுள்ளே இல்லறத்தில் இருந்துகொண்டே உலகப்பற்றை விடுதல் என்னும் இந்நிலை, இறைவன் ஒரு தச்சர் மனையில் குழவியாக வளர்தற்கு இடமாகின்றது. ஆண்டு ஒளி வழிவழி வந்தது. ஈண்டு இறைவனே இறங்கி வந்தான்.

5. மானும் கானும்

இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும் இரு நிகழ்ச்சிகளை எடுத்துக்கொள்வோம்.

சீறாப்புராணத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில் ‘மானுக்குப் பிணைநின்ற படலம்’ உள்ளது. வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டுகின்றான். தன் கன்றுக்குப் பாலூட்டி மீள்வேன் என அம்மான் நபிகள் நாயகத்திடம் முறையிடுகின்றது. நாயகம் வேடனிடம் பிணை நிற்கின்றார். சென்ற மான் தன் இனத்தைக் காண்கின்றது. போகவேண்டா என்று இனம் தடுக்கின்றது. தன்பொருட்டுப் பிணைநின்றாரை நினைந்து மான் கன்றொடு மீள்கின்றது. அது கண்ட வேடன் மனம் மாறி இசுலாத்தைத் தழுவுகின்றான். மான் விடுதலை பெறுகின்றது.

இங்குப் ‘பிணை’ என்னும் வணிகச் சொல்லே நிகழ்ச்சியின் உயிர்நாடி. கலீபா என்னும் கொள்கைக்கும் அமானத்து என்னும் கொள்கைக்கும் இதனினும் தெளிவான தமிழ் விளக்கம் காண்டல் அரிது. மனிதன் விலங்கிற்கு உரியவன் அல்லன்; அதன்பொருட்டு உத்தரவாதம் கூறி நிற்பவன். விலங்கும் சொல்தவறாமையால் தன் படைப்பின் ஒழுங்கைக் காக்கின்றது. ஆண்டு எதுவும் புண்பட்டுக் கிடக்கவில்லை. கடமை உள்ளது, அது நிறைவேற்றப்படுகின்றது.

தேம்பாவணியில் திருமுழுக்கு யோவான் ‘கருணையன்’ எனப்படுவார். அவர் தம் தாய் எலிசபெத்தொடு கானகத்தே வாழுங்கால் தாய் இறந்துபடுகின்றார். கருணையன் அவரைக் குழியில் அடக்கம் செய்து புலம்புகின்றார். அப்புலம்பல் கேட்டுக் கானகத்து மரமும் மலரும் பறவையும் உடன்வருந்திக் கண்ணீர் சொரிந்தாற்போல் ஆரவாரித்தன என முனிவர் பாடுகின்றார். இயற்கையின் ஒலியை இரங்கலாகக் காணுதல் தமிழ் அணியிலக்கண மரபே. தற்குறிப்பேற்றம் என அமைவதே. ஆயின், படைப்பனைத்தும் மனிதனொடு சேர்ந்து வேதனையுற்று மீட்பினை நோக்கிநிற்கும் என்னும் பவுலடிகளின் கொள்கையை அறிந்த ஒருவர் அவ்வணியைக் கையாளும்போது, அது வெறும் அணியாக நிற்பதில்லை. சமயப்பொருளும் அதனுட் புகுகின்றது.

ஒன்றில் மனிதன் படைப்பிற்காகப் பிணை நிற்கின்றான். மற்றொன்றில் படைப்பு மனிதனொடு உடன்நின்று அழுகின்றது. இசுலாத்தில் உலகம் மனிதனின் பொறுப்பு. கிறித்தவத்தில் உலகம் மனிதனின் துன்பத்திலும் நம்பிக்கையிலும் பங்காளி. இவ்வேறுபாட்டை முற்ற முடிந்ததாகக் கொள்ளலாகாது. வானும் மண்ணும் அவற்றிலுள்ள அனைத்தும் இறைவனைத் துதிக்கின்றன, மனிதரே அதனை உணர்வதில்லை எனத் திருக்குர்ஆனும் கூறும். ஒப்படைத்த பொருளுக்குக் கணக்குக் கேட்கும் தலைவனின் உவமையை நற்செய்தியும் கூறும். ஆதலின், இஃது இன்மையும் உண்மையும் பற்றிய வேறுபாடன்று. எது முதன்மை பெறுகின்றது என்பதுபற்றிய வேறுபாடே.

6. இரு செலவுகள்

இரு காப்பியத்திலும் பாலைநிலத்தைக் கடந்து செல்லும் செலவு ஒன்று நடுநாயகமாக அமைந்துள்ளது. சீறாவின் மூன்றாம் காண்டத்திற்குப் பெயரே ‘ஹிஜ்றத்து’. 622ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் மக்காவினின்று மதீனாவிற்குச் சென்றமை அதற்குப் பொருள். வழியில் மலைக்குகையில் தோழர் அபூபக்கரைப் பாம்பு தீண்ட, நாயகம் நஞ்சினை நீக்கும் வரலாறு ‘விடமீட்ட படல’த்தில் வருகின்றது. அச்செலவின் பயன் மதீனாவில் ஒரு சமுதாயம் அமைந்தமை. உடன்படிக்கை, நீதி, போர், இல்வாழ்வு ஆகிய அனைத்தும் இறைநெறிக்குட்பட்ட புதிய வாழ்வு ஆண்டுத் தொடங்கிற்று. உலகின் நோக்கம் இறைவனுக்கு அடிபணிதல் என்றால், அவ்வடிபணிவு தொழுகையிடத்தோடு நில்லாது கடைவீதியையும் அவைக்களத்தையும் தழுவும் என்பதனைக் காப்பியம் இவ்வாறு காட்டுகின்றது.

தேம்பாவணியிற் காணும் செலவு, ஏரோதனுக்கு அஞ்சி வளனும் மரியாளும் குழந்தையொடு எகிப்திற்குச் சென்றமை. இங்குச் செல்வோர் நகர் நிறுவவில்லை. அயல்நாட்டில் ஏதிலராய் வாழ்ந்து மீள்கின்றனர். உலகைப் படைத்தவனே உலகில் இடமின்றி அலைந்தான் என்பது இதன் உட்பொருள். அதிகாரத்தால் அன்றித் துன்பத்தில் உடனிருத்தலால் உலகம் மீட்கப்படும் என்னும் கொள்கை இதனால் விளங்கும். காப்பியத்தின் இறுதிப் படலமாகிய முடிசூட்டுப் படலத்தில் வளன் பெறும் முடியும் மண்ணுலக முடியன்று.

7. விளைநிலம்

உலகின் முடிவினைக் கூறுமிடத்து இரு சமயமும் உழவுத்தொழிலினின்றே உவமை எடுத்தன. இவ்வுலகம் மறுமைக்குரிய விளைநிலம் என்னும் கருத்து இசுலாமிய அறநூல்களில் பெருவழக்கு. கசாலி (1058–1111) போன்றோர் இதனை விரித்துரைத்தனர். விதைப்பவன் மனிதன், அவனவன் விதைத்ததை அவனவன் அறுப்பான். மத்தேயு நற்செய்தியிலோ, கோதுமையும் களையும் பற்றிய உவமையில் வயல் என்பது உலகம்; நல்விதை விதைப்பவர் மானிடமகன்; பகைவன் களையை விதைக்கின்றான்; அறுவடை உலகமுடிவு. அதுகாறும் களையைப் பறிக்காது விடுமாறு தலைவன் பணிக்கின்றான்.

வயல் ஒன்றே, விதைப்பவரே வேறு. முன்னதில் ஒவ்வொருவனின் வினையும் அதற்குரிய கணக்கும் அழுத்தம் பெறுகின்றன. கணக்கிற்கு மேலாக இறைவனின் அருள் நிற்கின்றது. பின்னதில் இறைவனின் செயலும் அதனை நோக்கிக் காத்திருத்தலும் அழுத்தம் பெறுகின்றன. காத்திருப்போனின் வினைக்கும் தீர்ப்பு உண்டு. முடிவில் இப்பூமி வேறொரு பூமியாக மாற்றப்படும் என்று திருக்குர்ஆனும், புதிய வானமும் புதிய பூமியும் தோன்றும் என்று திருவெளிப்பாடும் கூறுதல் நினைக்கத்தக்கது.

8. நெய்வேலி நிலமும் முடிபும்

இக்கொள்கைகள் வாழ்வொடு தொடர்புறுமாற்றை இருவேறு கழிமுகத்தும் சிற்றூரிலும் தேடவேண்டுவதில்லை; இடைநிலத்து நெய்வேலியே காட்டும். 1930களில் சம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கரிய பொருள் வெளிப்பட்டமை பழுப்பு நிலக்கரி ஆராய்ச்சிக்கு வழிவகுத்தது. 1956இல் நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957இல் சுரங்கப்பணியை நேரு தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி வெளிக்கொணரப்பட்டது. 1962இல் மின்னாக்கம் தொடங்கிற்று. கரிப்படுகையின்கீழ் அழுத்தம் மிக்க ஊற்றுநீர் உள்ளமையால், அதனை இடையறாது இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கம் நிலைபெறாது. எனவே, ஈண்டு மண்ணைத் தொடுதல் நீரையும் தொடுதலாம். ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. 2023 சூலையில் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற நிலத்திற் கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த பூசல் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. நாட்டிற்கு ஒளி வேண்டும் என்பதும் மெய்; உழவனுக்கு வயல் வேண்டும் என்பதும் மெய்.

இதற்குச் சமயநூல் தீர்ப்பு எழுதித் தாராது. எவ்வினாவை எழுப்பவேண்டும் என்பதனையே கற்பிக்கும். நிலமும் அதிலுள்ள அனைத்தும் இறைவனுடையன என்பது விவிலியத்துத் திருப்பாடலும் திருக்குர்ஆனும் ஒருப்படக் கூறும் கருத்து. உரிமை மனிதனுக்கில்லை என்ற அளவில் இரு சமயமும் ஒன்று. அதன்பின், சீறாவின் வழிநின்று நோக்குவோன், ‘இந்நிலத்திற்கும் இதனைக் கொடுத்தகன்றோர்க்கும் இனிப் பிறக்கும் மக்கட்கும் பிணைநின்றவர் யாவர்? பிணைப்பொருள் மீட்கப்பட்டதா?’ என்று வினவுவான். தேம்பாவணியின் வழிநின்று நோக்குவோன், ‘இம்மண்ணின் புலம்பலைக் கேட்டவர் யாவர்? இடமிழந்து அலைந்தோரொடு உடன்நின்றவர் யாவர்?’ என்று வினவுவான். முதல் வினா கணக்கினையும் நீதியையும் முற்படுத்துகின்றது. இரண்டாம் வினா பரிவினையும் உடனிருத்தலையும் முற்படுத்துகின்றது. நீதியில்லாப் பரிவு கண்ணீரோடு நின்றுவிடும். பரிவில்லா நீதி இழப்பீட்டுத் தொகையோடு நின்றுவிடும். ஆதலின், ஒரே நிலத்தில் வாழ்வோர்க்கு இரு வினாக்களும் வேண்டப்படுவனவே.

இதுகாறும் கூறியவற்றால், இரு காப்பியங்களும் தமிழ் மரபின் நாட்டுவளத்தை ஏற்று உலகம் மெய், நன்று எனக் கொண்டன என்பதும், சீறா உலகினை அடைக்கலப்பொருளாகவும் தேம்பாவணி உலகினை மீட்பினை நோக்கும் உடன்பிறப்பாகவும் காட்டின என்பதும், அவ்வேறுபாடு வாக்கு நூலானது, வாக்கு ஊனானது என்னும் அடிப்படையினின்று கிளைத்தது என்பதும் பெறப்பட்டன. இவ்விரு நூல்களையும் தனித்தனி நயங்காண்பதோடு அமையாது, அடுத்தடுத்து வைத்துப் படலந்தோறும் ஒப்பிடும் முயற்சி மாணவர்பால் வளர்தல் வேண்டும். சிறப்பாக, ‘பிணை’, ‘அடைக்கலம்’, ‘மீட்பு’ முதலிய வழக்குச் சொற்கள் இவற்றுட் சமயக் கலைச்சொற்களாக மாறிய வரலாறு தனித்து ஆராயத்தக்கது.